சிறப்புக் குழந்தையை நாலு மணி நேரம் இன்னொருத்தர் பொறுப்பில் விட: கோப்பு, பயிற்சி, பாதுகாப்பு

நீலக்குடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பெற்றோர் குழு ஒன்றில் ரெஸ்பைட் கேர், அதாவது மாற்றுப் பராமரிப்பு, தொடங்கும் வேலை நடக்குது. வாரம் ஒரு தடவை நாலு மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்துக்குவார். அந்த நேரத்தில் அம்மாவோ அப்பாவோ வெளியே போகலாம், இல்லைன்னா அடுத்த அறையில் படுத்துத் தூங்கலாம். ஆட்கள் கிடைச்சாச்சு, நேரமும் ஒதுக்கியாச்சு. ஆனால் விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வரலை. "அவன் எதுக்கு அழுறான்னு எனக்கு மட்டும்தானே தெரியும்" என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் பேச்சு. அதில் தப்பே இல்லை. எத்தனையோ வருஷமா ஒருத்தர் தலைக்குள்ளேயே இருக்கும் விஷயத்தை வாசல்படியில் நின்னு பத்து நிமிஷத்தில் ஒப்படைக்க முடியாது.

முதலில் சேரப்போவது மூணு வகைப் பிள்ளைகள். செரிப்ரல் பால்சியோடு (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) வலிப்பும் உள்ள பிள்ளை, பேச்சு வராத, கதவு திறந்திருந்தா ஓடிவிடும் ஆட்டிசப் பிள்ளை, வயிற்றில் போட்ட குழாய் வழியா உணவு எடுக்கும் பிள்ளை. கோப்பில் என்னென்ன இருக்கணும், பயிற்சி எத்தனை நாள், எந்த வேலையைத் தன்னார்வலரிடம் விடலாம், எதை விடவே கூடாது? களத்தில் வேலை செய்பவர்கள் விவரமாச் சொல்லுங்க.

---

அட்டைப்பெட்டி

கோப்பிலிருந்து தொடங்கலாம். முப்பது பக்க மருத்துவ ரிப்போர்ட்டை அடுக்கி வைத்தால் அது கோப்பு ஆகாது, அவசரத்தில் ஒருவரும் அதைப் புரட்ட மாட்டார்கள். மேலே ஒரே ஒரு தாள், ஒரே பக்கம், தள்ளி நின்று படிக்கும் அளவு பெரிய எழுத்து. அதில் இவை மட்டும்: வீட்டில் கூப்பிடும் பெயர், பிறந்த தேதி, எடை, எடை பார்த்த தேதி, நோய்க்குறிப்பு ஒரு வரியில், ஒவ்வாமை, இப்போது கொடுக்கும் மருந்துகள், வலிப்பு வருமா வராதா, எதை எப்படி விழுங்குவான், அழைக்க வேண்டிய இரண்டு பேரின் எண்கள், வீட்டு முகவரி. முகவரி எதற்கு என்று கேட்பார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது வந்திருப்பவருக்கு அந்த வீட்டின் முகவரி தெரியாது, அதற்குத்தான். எடைக்குத் தேதி வேண்டும், ஏனென்றால் மருத்துவமனையில் முதலில் கேட்பது எடை. எட்டு மாதத்துக்கு முந்தைய எடையை வைத்து மருந்து அளந்தால் தப்பாகும்.

மருந்துப் பட்டியலில் அடிக்கடி வரும் பிழை ஒன்று. "காலை 5 மி.லி." என்று மட்டும் எழுதிவிடுவது. ஒரே மருந்து இரண்டு அடர்த்தியில் கடையில் இருக்கும். 5 மி.லி.யில் 200 மி.கி. உள்ள பாட்டிலாக இருந்தால் 100 மி.கி.க்கு 2.5 மி.லி. போதும். 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ளது வந்தால் அதே அளவுக்கு 5 மி.லி. வேண்டும். மி.லி. மட்டும் எழுதியிருந்தால் பாட்டில் மாறிய அன்று பாதியோ இரட்டிப்போ போய்விடும். மி.கி., மி.லி., பாட்டிலின் அடர்த்தி மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். அளக்க சிரிஞ்ச் மட்டும், சமையலறைக் கரண்டி வேண்டாம். மருந்து கொடுத்ததும் வாந்தி எடுத்தால் தானாகத் திரும்பக் கொடுக்கக் கூடாது, பெற்றோரையோ மருத்துவரையோ கேட்ட பிறகுதான். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

எல்லாத் தாளிலும் கீழே தேதி. மருந்து மாறினால் அன்றே புதுத் தாள். பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள், அடித்துத் திருத்தாதீர்கள். இரண்டு தாள் கோப்பில் இருந்தால் ஒருநாள் பழையதைத்தான் யாராவது படிப்பார்கள்.

---

பேச்சுப்பயிற்சி

"எதுக்கு அழுறான்னு எனக்கு மட்டும்தானே தெரியும்" என்ற வரிக்கு நேரான கருவி ஒன்று உண்டு. கம்யூனிகேஷன் பாஸ்போர்ட் என்பார்கள். 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சாலி மில்லர் இதை வளர்த்தெடுத்தார். பேசாத பிள்ளை தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வதுபோல, "நான்" என்று தன்மையில் எழுதும் சின்னப் புத்தகம். அதன் நடுவில் இருக்கும் மூன்று பத்தி அட்டவணைதான் மிக முக்கியம்: நான் செய்வது, அதற்கு அர்த்தம், நீங்கள் செய்ய வேண்டியது.

எப்படி எழுதணும் என்பதற்கு ஒரு வரியைக் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். "'ஆம்' என்றால் மேலே பார்ப்பான்" என்று பெற்றோர் எழுதித் தருவார்கள். அது போதாது. மேலே பார்ப்பது என்றால் எவ்வளவு? கண் மட்டும் போகுமா, தலையும் போகுமா? கேட்டதும் பார்ப்பானா, நேரம் எடுக்குமா? திரும்ப எழுதினால் இப்படி வரும்: "கேள்வியை ஒரு தடவை மட்டும் கேளுங்கள். பிறகு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஆறு, ஏழு வரும்போது என் இரண்டு கண்ணும் கூரையைப் பார்க்கும், அரை விநாடிதான் நிற்கும், தலை அசையாது. அது 'ஆம்'. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டால் 'வேண்டாம்'. நடுவில் நீங்கள் கேள்வியைத் திரும்பக் கேட்டால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும்." முதல் நாள் வருபவர் மூன்று விநாடியில் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், பிள்ளைக்குப் பதில் இல்லை என்று முடிவு கட்டுவார். இந்த நாலு வரி இருந்தால் அது நடக்காது.

அட்டவணையைப் பெற்றோர் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். அவர்களுக்குப் பழகிப்போனதால் பாதி சைகை கண்ணிலேயே படாது. வருபவர் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போது எப்படி அவனுக்குத் தண்ணீர் வேணும்னு தெரிஞ்சுது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதணும்.

---

இரவுக்காவல்

செவிலியர் பணியில் உள்ளவள். வலிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

வலிப்புத் தாள் தனியாக இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு வழக்கமாக வரும் வலிப்பு எப்படித் தொடங்கும், எந்தப் பக்கம் முதலில் இழுக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், முடிந்ததும் எவ்வளவு நேரம் தூங்கும் என்பதை முதலில் எழுதுங்கள். வழக்கமானது தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது தெரியும்.

செய்ய வேண்டிய வரிசை: கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தோன்றும், ஊகித்துச் சொல்வது பயன்படாது. சுற்றியுள்ள கூரான, கடினமான பொருள்களை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மடித்த துணி. கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கரண்டி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. வீல்சேரில் இருக்கும்போது வந்தால் பெல்ட்டைக் கழற்றிக் கீழே இறக்க அவசரப்பட வேண்டாம். பிரேக் போட்டு, தலையைப் பிடித்துத் தாங்கி, மூச்சு தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். மூச்சு அடைபட்டால் மட்டும் இறக்குங்கள்.

5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலும், முடிந்த பிறகு மூச்சு சரியாக இல்லாவிட்டாலும், அடிபட்டாலும், தண்ணீருக்குள் வந்தாலும் ஆம்புலன்ஸ். மருத்துவர் வலிப்பை நிறுத்தும் மருந்தான மிடாசோலம் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனையாவது நிமிடம், எத்தனை மி.கி. என்று அவர் கையெழுத்திலேயே தாள் வேண்டும். கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில், மெதுவாக, பாதி ஒரு பக்கம் பாதி மறுபக்கம். தொண்டைக்குள் பீய்ச்சக் கூடாது. கொடுத்த நேரத்தையும் குறித்துவிட்டு மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்தின் காலாவதித் தேதியை மாதம் ஒரு முறை பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பையின் அடியில் காலாவதியான மருந்து கிடப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம்.

முழு நினைவு வரும் வரை உணவோ தண்ணீரோ கிடையாது. தூங்கினால் தூங்கட்டும், பக்கத்திலேயே இருங்கள்.

---

மாடிப்படி

ரெஸ்பைட் சேவைகளை ஒருங்கிணைக்கும் பணி என்னுடையது. பயிற்சி எத்தனை நாள் என்ற கேள்விக்கு நாள் கணக்கில் பதில் சொல்ல மாட்டேன். வேலை வேலையாகக் கணக்கிடுங்க.

ஒவ்வொரு வேலைக்கும் மூணு படி. முதலில் பெற்றோர் செய்வார், வருபவர் பார்ப்பார். அடுத்து வருபவர் செய்வார், பெற்றோர் பக்கத்தில் இருப்பார். மூணாவது, வருபவர் செய்வார், பெற்றோர் அடுத்த அறையில். ஒவ்வொரு படி முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. "எனக்குச் சொல்லிக் கொடுங்க, நான் புதுசா வந்தவன்" என்று அவர் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்க. விட்டுப்போன படி அங்கேதான் தெரியும். முடித்த வேலைக்கு எதிரே தேதியும் இருவர் கையெழுத்தும். அந்தக் கையெழுத்து அந்தப் பிள்ளைக்கு, அந்த வேலைக்கு மட்டும். ஒரு பிள்ளைக்கு ஊட்டக் கத்துக்கிட்டவர் இன்னொரு பிள்ளைக்கும் ஊட்டலாம் என்று எடுத்துக்கக் கூடாது.

பெற்றோர் வெளியே போகும் நேரத்தையும் படிப்படியா நீட்டணும். முதல் தடவை 20 நிமிஷம். நல்லபடியா போனா ஒரு மணி, பிறகு ரெண்டு, பிறகு நாலு. முதல் நாளே நாலு மணி நேரம் கொடுத்தா அம்மா வாசலுக்கு வெளியே போனதும் போனை எடுத்துடுவாங்க. போன் விஷயத்தில் ஒரு ஒப்பந்தம் வையுங்க: பெற்றோர் கூப்பிட மாட்டார், வருபவர் ஒரு மணிக்கு ஒரு தடவை ஒரு வரிச் செய்தி அனுப்புவார். குறித்த நேரத்தில் செய்தி வரும் என்று உறுதியா தெரிஞ்சா இடையில் கூப்பிடும் அவசியம் குறையும். அந்தச் செய்தி தாமதமானா ஒப்பந்தம் அன்னைக்கே உடைஞ்சிடும், அதனால் வருபவர் போனில் அலாரம் வைத்தே ஆகணும்.

ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேரைப் பயிற்றுவியுங்க. ஒருத்தரை மட்டும் நம்பினா அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் சேவை நின்னுபோகும். பெற்றோர் அடுத்த முறை திட்டம் போடவே தயங்குவாங்க.

---

வகுப்பறை

ஆட்டிசப் பிள்ளைக்குச் சில விஷயங்கள்.

பெற்றோர் சொல்லாமல் நழுவிப் போகவே கூடாது. அழுவான் என்று பின்வாசல் வழியாகப் போனால், அடுத்த வாரம் அம்மா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பான். மூன்று நாள் முன்பிருந்தே வருபவரின் புகைப்படத்தைக் காட்டுங்கள். அன்று மூன்று படங்களை வரிசையாக ஒட்டுங்கள்: அம்மா போகிறார், இவரோடு இருக்கிறேன், அம்மா வருகிறார். மூன்றாவது படம் இல்லாமல் முதல் இரண்டை மட்டும் ஒட்டும் தவறு நிறைய நடக்கிறது. திரும்பி வருவது பிள்ளைக்குக் கண்ணில் தெரிய வேண்டும்.

ஓடும் பிள்ளையை "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். எங்கே ஓடுவான் என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே சில இடங்கள்தான் இருக்கும்: தண்ணீர், படிக்கட்டு, ஓடும் வண்டிகள், பிடித்தமான ஒரு வீடு. காணோம் என்றால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் உள்ள இடம். ஆட்டிசப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு அதிகம், ஆபத்து பற்றிய பயம் குறைவு. கதவில் உயரத்தில் தாழ்ப்பாள், திறந்தால் ஒலிக்கும் மணி, இன்றைக்குப் போட்டிருக்கும் சட்டையோடு எடுத்த ஒரு புகைப்படம் வருபவர் போனில். இந்த மூன்றும் அவர் வந்த முதல் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும்.

கத்தி அழுது நிலைகுலையும் நேரத்தில் பேச்சைக் குறையுங்கள். விளக்கைக் குறையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், இரண்டடி தள்ளி உட்காருங்கள். அந்த நேரத்தில் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது, மிரட்டுவதும் கெஞ்சுவதும் ஒரே விளைவைத்தான் தரும். முடிந்த பிறகு மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் சுற்றியுள்ளவர்கள் என்ன செய்தார்கள். "காரணமில்லாமல் கத்தினான்" என்று எழுதக் கூடாது. காரணம் தெரியவில்லை என்றால் நேரம், இடம், சத்தம், கடைசியாக எப்போது சாப்பிட்டான், கடைசியாக எப்போது மலம் போனான் என்று எழுதினால் போதும். பேச முடியாத பிள்ளையிடம் பல்வலியும் காதுவலியும் மலச்சிக்கலும் முரட்டுத்தனமாகவே வெளியே வரும்.

---

நீலக்குடை

வகுப்பறை சொன்ன மூணாவது படம், எங்க திட்டத்தில் இல்லவே இல்லை. சேர்த்தாச்சு. அடுத்து ஊட்டுவது. தன்னார்வலர் வாய்வழி ஊட்டலாமா? குழாய் வழியா?

---

பேச்சுப்பயிற்சி

வாய்வழி, பயிற்சிக்குப் பிறகு, ஊட்டலாம். படுத்த நிலையிலோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஒருபோதும் கூடாது. இடுப்பு நாற்காலியின் பின்புறம் ஒட்ட, செங்கோணத்தில் உட்காரணும், பாதம் எதன் மேலாவது ஊன்றியிருக்கணும், தாடை சற்று முன்னோக்கி. ஊட்டுபவர் பிள்ளையின் கண் மட்டத்தில் உட்காரணும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், உணவு மூச்சுக்குழாய்க்குப் போக வழி திறக்கும். கரண்டி கீழிருந்து வாய்க்கு நேராக வரட்டும். கொஞ்சமா வையுங்க, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்த நிலை.

இருமல், கண்ணில் நீர், குரல் ஈரமாகக் கொழகொழவென்று மாறுதல், முகநிறம் மாறுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்துங்க. சில பிள்ளைகளுக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குப் போகும். அடிக்கடி நெஞ்சுச் சளி, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால் விழுங்குதல் சோதனை முடியும் வரை அந்தப் பிள்ளைக்கு வெளியாள் ஊட்ட வேண்டாம்.

திரவத்தைக் கெட்டிப்படுத்திக் கொடுக்கச் சொல்லியிருந்தால் "கொஞ்சம் கெட்டியா" என்று கோப்பில் எழுதாதீங்க. ஒருத்தர் கைக்குக் கொஞ்சம், இன்னொருத்தர் கைக்கு நிறைய. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோலில் 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு, அந்த எண்ணைச் சிகிச்சையாளரிடம் கேட்டு எழுதுங்க. வீட்டிலேயே சோதிக்கலாம். 10 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. கோடு வரை ஊற்றுங்க. விரலை எடுத்து 10 விநாடி வழியவிட்டுத் திரும்ப அடையுங்க. 1 மி.லி.க்கும் குறைவாக மிஞ்சினால் நிலை 0. 1 முதல் 4 மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8க்கு மேல் என்றால் நிலை 3. ஒன்றுமே வழியாவிட்டால் நிலை 4 அல்லது அதற்கு மேல். சிரிஞ்சில் 0 முதல் 10 வரையுள்ள கோட்டின் நீளம் 61.5 மி.மீ. இருக்கணும். எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒரே அகலம் இல்லை, அதனால் ஸ்கேல் வைத்து ஒரு தடவை அளந்து பாருங்க. கலந்தவுடன் சோதிக்காமல் குடிக்கக் கொடுக்கும் நேரத்தில் சோதியுங்க. சில பொடிகள் நேரம் போகப் போக இறுகும்.

---

இரவுக்காவல்

குழாய் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய் உள்ள பிள்ளையைத் தன்னார்வலரிடம் விட வேண்டாம். அது நகர்ந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். ஒவ்வொரு முறை கொடுக்கும் முன்பும் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்த நீரின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றில் காது வைத்துக் காற்றடித்துக் கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது.

வயிற்றில் நேராகப் போட்ட குழாய், புண் ஆறி நிலைபெற்றிருந்தால், முழுப் பயிற்சி பெற்றவர் கொடுக்கலாம் என்பது சிலர் கருத்து. என் கருத்தில் அதையும் தொடக்கத்தில் விடாதீர்கள்.

---

மாடிப்படி

இங்கே இரவுக்காவலோடு முழுசா ஒத்துப்போக முடியலை. வயிற்றுக் குழாய் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள்தான் வீட்டை விட்டு வெளியே வர முடியாம இருக்காங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு உணவு, நடுவில் மருந்து, குழாயைக் கழுவுவது. அவங்களை ஒதுக்கிவச்சா சேவை யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்கே கிடைக்காது. உணவு நேரத்துக்கு நடுவில் வரும் ரெண்டு மணி நேரத்தில் தொடங்கலாம். அப்போ குழாயைத் தொடும் வேலையே வராது. வெளியே இழுத்துவிட்டா என்ன செய்யணும் என்பது மட்டும் தெரிஞ்சா போதும்.

---

இரவுக்காவல்

அப்படியென்றால் சரி. உணவு நேரத்தைத் தவிர்த்துத் தொடங்குவது நல்ல வழி, என் பதிவை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறேன். குழாய் வெளியே வந்துவிட்டால் திறப்பு ஓரிரு மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடி, வெளியே வந்த குழாயையும் எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனை. "மாலை அம்மா வரட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஒரு வரியைச் சிவப்பில் எழுதுங்கள்.

---

சாய்வுநாற்காலி

பிசியோ பக்கம். தூக்குவதில்தான் அதிகம் அடிபடுகிறது, பிள்ளைக்கும் தூக்குபவர் முதுகுக்கும்.

அக்குளில் கை கொடுத்து இழுத்துத் தூக்கக் கூடாது. தசை இறுக்கமோ தளர்ச்சியோ உள்ள பிள்ளைக்குத் தோள் மூட்டு எளிதில் விலகும். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை தொடைக்குக் கீழே. கால் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும் பிள்ளையின் முட்டியை நேரடியாகப் பிரிக்க முயன்றால் இறுக்கம் கூடும். முதலில் இடுப்பை மடக்குங்கள், அதோடு முட்டியும் மடங்கும், இறுக்கம் தானே தளரும், பிறகு மெல்ல அகற்றுங்கள். பொறுமையாக அரை நிமிடம் காத்திருந்தால் வேலை பாதி குறையும்.

வீல்சேருக்கு மாற்றும்போது வரிசை: நாற்காலியை நெருக்கமாகக் கொண்டு வாருங்கள், இரண்டு பிரேக்கும் போடுங்கள், கால்தாங்கியை மடக்கி ஒதுக்குங்கள், பிள்ளையிடம் சொல்லுங்கள், பிறகு தூக்குங்கள். உட்கார வைத்ததும் முதலில் இடுப்பு பெல்ட். இடுப்பு பின்னால் ஒட்டி உட்காராமல் மார்புப் பட்டையை முதலில் போட்டால், பிள்ளை கீழே வழுக்கும்போது அந்தப் பட்டை கழுத்துக்கு ஏறும். ஒருவரால் தூக்க முடியாத எடை வந்துவிட்டால் நாலு மணி நேரம் முழுவதும் தூக்கவே தேவையில்லாதபடி திட்டமிடுங்கள், இல்லாவிட்டால் இருவர் வர வேண்டும். "ஒரே ஒரு தடவைதானே" என்று தூக்கியவர்களுக்குத்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது.

காலைத் தாங்கிப் பிடிக்கப் போடும் ஸ்ப்ளின்டைக் கழற்றியதும் சிவந்த தடம் இருக்கும். அரை மணி நேரத்தில் மறைந்தால் பிரச்சினை இல்லை. மறையாவிட்டால் திரும்பப் போடாமல் குறித்து வையுங்கள். இன்னொன்று: வருபவர் பயிற்சி வகுப்பு நடத்த வரவில்லை. தசை நீட்டும் பயிற்சிகளை அவரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

---

அட்டைப்பெட்டி

பாதுகாப்பு பற்றி யாரும் இன்னும் தொடவில்லை.

உலக சுகாதார அமைப்பின் ஆதரவோடு நடந்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, மாற்றுத்திறன் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்றது. பேச முடியாத பிள்ளையை அந்நியரிடம் விடும் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. "நம்புங்கள்" என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது, ஏற்பாடு செய்து காட்ட வேண்டும்.

பின்னணிச் சரிபார்ப்பு, இரண்டு பரிந்துரையாளர்களிடம் நேரில் பேசுதல். உடை மாற்றும்போது என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளையிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுச் செய்தல், பிள்ளையால் முடிந்ததை அவனே செய்ய விடுதல். எந்தப் பாலினத்தவர் உதவலாம் என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முன்பே முடிவு செய்தல். வந்ததும் போகும்போதும் உடலில் உள்ள காயம், தடிப்பு, சிராய்ப்பை உடலின் படம் வரைந்த தாளில் குறித்து இருவரும் கையெழுத்திடுதல். இது வருபவருக்கும் பாதுகாப்பு, முன்பே இருந்த காயத்துக்கு அவர் பழி சுமக்க வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வருவார் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

---

வெள்ளிக்கிழமை

பெற்றோருக்கான ஆலோசனைப் பணியில் இருக்கிறேன். பிள்ளையைப் பற்றி எல்லாம் வந்துவிட்டது, பெற்றோரைப் பற்றி இன்னும் வரவில்லை.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் வரும். "நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? கடைசியா நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினது எப்போ?" என்று கேளுங்கள். எண்ணில் பதில் வரும். யாருக்கு முதலில் ரெஸ்பைட் கொடுப்பது என்று முடிவெடுக்க அந்த எண்ணே போதும். ஸாரிட் சுமை அளவுகோல் என்று 22 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 88. அது முதுமை மறதி உள்ளவர்களைப் பராமரிப்பவர்களுக்காக எழுதப்பட்டது. இங்கே பயன்படுத்தினால் அதே பெற்றோரின் முன்–பின் மாற்றத்தைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கிடைத்த நாலு மணி நேரத்தில் பாக்கி வீட்டு வேலையைச் செய்து முடிப்பவர்கள் பலர். தடுக்க வேண்டாம். ஆனால் மாதத்தில் ஒரு முறையாவது "இந்தத் தடவை வேலை கிடையாது, தூக்கம் மட்டும்" என்று முன்பே பேசி வையுங்கள்.

சைமன் ஓல்ஷான்ஸ்கி 1962இலேயே எழுதினார்: பெற்றோரின் துயரம் ஒரு கட்டத்தில் முடிந்துபோகும் ஒன்று இல்லை, நாள்பட்ட துயரமாகத் திரும்பத் திரும்ப வரும், அது நோயும் இல்லை. பள்ளி சேரும் வயது, பருவமடையும் வயது, தம்பி தங்கை அண்ணனைத் தாண்டி வளரும் காலம், இந்த இடங்களில் எல்லாம் புதிதாக வரும். "இன்னுமா ஏத்துக்கலை?" என்று கேட்கும் தன்னார்வலர் ஒரே வாக்கியத்தில் வீட்டுக்கதவை மூடிவிடுவார். பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உடன்பிறந்தவர்களையும் மறக்காதீர்கள். டான் மேயர் தொடங்கிய சிப்ஷாப் கூடுகைகள் அவர்களுக்கென்றே உள்ளவை. விளையாட்டுதான் பெரும்பகுதி, நடுவில் மனம்விட்டுப் பேச இடம். ரெஸ்பைட் நேரத்தில் சில வாரம் அப்பாவோ அம்மாவோ அந்த இன்னொரு பிள்ளையோடு மட்டும் வெளியே போகலாம்.

---

மாடிப்படி

வெள்ளிக்கிழமை சொன்னதோடு ஒண்ணு சேர்க்கிறேன். பெற்றோருக்கே பயிற்சி வேணும்னா உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய பராமரிப்பாளர் திறன் பயிற்சி இருக்கு. 2 முதல் 9 வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு, 9 குழு வகுப்பு, 3 வீட்டு வருகை. நடத்துபவர் நிபுணரா இருக்கணும்னு அவசியம் இல்லை, பயிற்சி பெற்றவர் நடத்தலாம். பிள்ளைகளைப் பார்த்துக்க ஏற்பாடு இல்லாம பெற்றோரை வகுப்புக்குக் கூப்பிட்டா நாலாவது வகுப்புக்கு மேல் கூட்டம் வராது. உங்க ரெஸ்பைட் ஆட்களை அந்த நேரத்துக்குப் பொருத்துங்க.

நிதி கேட்டு மனு எழுதும்போது, 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவைக் குறிப்பிடுங்க. வறுமையில் உள்ள குடும்பங்களுக்கு அரசு உதவ வேண்டியவற்றில் பயிற்சி, ஆலோசனை, நிதியோட மாற்றுப் பராமரிப்பும் பெயர் சொல்லியே இருக்கு.

---

நீலக்குடை

எல்லாருக்கும் நன்றி. முதல் மூணு மாசத் திட்டத்தை மாத்தியாச்சு: குடும்பத்துக்கு ரெண்டு பேர், 20 நிமிஷத்தில் தொடக்கம், குழாய்ப் பிள்ளைக்கு உணவு நேரத்துக்கு நடுவில் மட்டும். ஒரே ஒரு கேள்வி பாக்கி. திரும்பி வந்த பெற்றோரிடம் ஒப்படைக்கும்போது என்ன சொல்லணும்?

---

இரவுக்காவல்

நாலு மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கென்றே வையுங்கள். பெற்றோர் வந்து செருப்பைக் கழற்றும்போதே வருபவர் கிளம்பக் கூடாது. வரிசை: என்ன, எவ்வளவு சாப்பிட்டான், எவ்வளவு தண்ணீர். சிறுநீர் எத்தனை தடவை, மலம் போனானா. கொடுத்த மருந்து, கொடுத்த நேரம். வலிப்பு வந்ததா, எத்தனை நிமிடம். தூங்கினானா. புதுக் காயம். எழுதிய தாளைக் கையில் கொடுத்துவிட்டு வாயாலும் சொல்ல வேண்டும்.

---

பேச்சுப்பயிற்சி

அந்தப் பத்து நிமிடத்தையும் பிள்ளை முன்னாலேயே, பிள்ளையையும் சேர்த்துப் பேசுங்க. தலைக்கு மேலே இரண்டு பெரியவர்கள் "இவன் இன்னைக்கு ஒண்ணுக்குப் போகலை" என்று பேசிக்கொள்வதை அவன் கேட்டுக்கொண்டிருப்பான். "நீ இன்னைக்கு ரெண்டு தடவை சிரிச்சே, அம்மாகிட்டே சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்க. கண் மேலே போகுதா பாருங்க.